தேன்குழல் நாழியின் மரப்பிடிகள்

கரியாஹாட் பாத்திரக் கடையில் வயதான மனிதர் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு தோசைக்கல் தோசைக்கல்லாகப் பிடித்துப் பார்த்துக்கொண்டு நின்றால், அதைப் பார்த்தவர்கள் யாரிடமும் சொல்லாமல் இருக்க முடியுமா? வசுமதியால் முடியவில்லை. அவள் வாங்கப் போனது ஒரு டீ வடிகட்டி. வடிகட்டியை மறந்துவிட்டு, வீடு திரும்பும் ஆட்டோவிலேயே போனை எடுத்துவிட்டாள்.

"எங்க மேல் ஃப்ளாட் மாமாதான். கரண்டி, வாணலி, தோசைக்கல்லுன்னு ஒண்ணு விடாம பிடிச்சுப் பாக்கறார். தனியா சமைச்சுக்கப் போறார் போலிருக்கு. மாமியோட ஏதோ சரியில்லை."

சந்தோஷ்பூரில் அந்தக் கட்டடத்துக்குள் சாயங்காலக் காபிக்கு முன்பே செய்தி எல்லா மாடிக்கும் போய்விட்டது. வங்காளி வீடுகளில் அது இன்னும் கொஞ்சம் வளர்ந்தது. மாமி மெட்ராஸுக்கே போகப்போகிறாளாம் என்று கீழ்த்தளத்தில் பேசிக்கொண்டார்கள்.

உண்மை அவ்வளவு சுவாரசியமில்லை. வெங்கடநாராயணன் தோசைக்கல்லைப் பார்க்கவேயில்லை. அதன் கைப்பிடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணைத் திறந்துவைத்தால் கை சொல்வது கேட்காது என்று அவருக்கு ஒரு கொள்கை. அலிப்பூரில் வங்கி மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர்; கொள்கை இல்லாமல் எதையும் செய்து அவருக்குப் பழக்கமில்லை.

அவருக்கு வேண்டியிருந்தது ஈய அச்சுக்கு ஒரு ஜோடி கைப்பிடி.

சுத்த சைவமான ஐயர் வீட்டு மனிதருக்கு ஈய அச்சு எதற்கு என்று கேட்பவர்களுக்குப் பழைய கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஓய்வு பெற்ற புதிதில் பழைய சகா ஒருவர் அவரை ஜாதவ்பூர் பக்கத்தில் ஒரு ஜீலுக்கு, அதாவது பெரிய குளத்துக்கு, கூட்டிக்கொண்டு போனார். அங்கே ஒரு மீன்பிடி கிளப். தூண்டிலைப் போட்டுவிட்டு ஆளாளுக்குத் தண்ணீரில் மிதக்கும் தக்கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வெங்கடநாராயணனும் பார்த்தார். வாழ்நாள் முழுக்க எதிரில் உட்கார்ந்தவர்கள் எல்லாரும் கடன் கேட்டே பழகியவருக்கு, எதுவும் கேட்காமல் எதிரில் மிதந்த அந்தத் தக்கையை ரொம்பப் பிடித்துப்போயிற்று. அடுத்த வாரமே உறுப்பினர் ஆகிவிட்டார்.

பிடிக்கிற மீனை அவர் கையால் தொடமாட்டார். கிளப் செயலாளர் சுபீர் மல்லிக்தான் வந்து கொக்கியிலிருந்து கழற்றிக்கொள்வார். அந்த ருயியும் காத்லாவும் அன்றைக்கே மல்லிக் வீட்டுக் கடுகெண்ணெயில் போய் விழும். கிளப்பில் வெங்கடநாராயணனுக்கு 'நிராமிஷ் தாதா' என்று பெயர். சைவ அண்ணன் என்று அர்த்தம். இரைமாவில் அவர் ரகசியமாகப் பெருங்காயம் சேர்க்கிறார் என்றும், அதனால்தான் அவரிடம் மீன் வருகிறது என்றும் ஒரு பேச்சு உண்டு. அவர் மறுத்ததில்லை.

நாகலக்ஷ்மி மாமிக்கு இதெல்லாம் தெரியுமா? தெரியும். ஆனால் தெரிந்ததாக வைத்துக்கொள்ளவில்லை. "கிளப்புக்குப் போயிருக்கார்" என்பாள். என்ன கிளப் என்று யாராவது கேட்டால், "பெரியவாள்ளாம் உக்காந்து பேசற கிளப்" என்பாள். அவர் வந்ததும் நேரே குளியலறை. அதன் பிறகுதான் காபி. இந்த ஏற்பாட்டில் குடும்பம் நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்தது.

ஜீலின் கரையில் ஒரே ஒரு நல்ல இடம் உண்டு. கிருஷ்ணசூடா மரத்தடியில் ஒரு சிமென்ட் பெஞ்சு. மற்றதெல்லாம் வெயில். அந்த பெஞ்சு வெங்கடநாராயணனுடையது. மீன் தின்னாத ஒருவருக்கு, வங்காளிகள் நிறைந்த மீன்பிடி கிளப்பில், அந்த பெஞ்சை ஏன் கொடுத்தார்கள் என்றால், காரணம் ஈயக்குண்டு. தூண்டில் நூலைத் தண்ணீருக்குள் இழுத்துப்போகக் கட்டுகிற எடை. அந்த ஜீலின் அடி முழுக்கச் சேறு. கடையில் விற்கிற உருண்டைக் குண்டு சேற்றுக்குள் புதைந்து இரையையும் சேர்த்துப் புதைத்துவிடும். வெங்கடநாராயணன் யோசித்து யோசித்து, பேரிக்காயைத் தட்டையாக்கினது போல ஒரு வடிவம் கண்டுபிடித்தார். அது சேற்றின் மேலேயே படுத்துக்கொள்ளும். சாந்த்ராகாச்சியில் ஒரு லேத் பட்டறையில் அதற்கு அலுமினிய அச்சு செய்து வாங்கினார். மொட்டை மாடித் தண்ணீர்த்தொட்டிக்குப் பக்கத்துத் தகரக் கொட்டகையில் ஸ்டவ்வை வைத்து, ஈயத்தை உருக்கி, அச்சில் ஊற்றி, கிளப் முழுவதற்கும் குண்டு கொடுத்தார். கிளப் அவருக்கு நிழல் கொடுத்தது.

இந்த வருஷம் அவருடைய வலது கட்டைவிரலின் அடியில் வலி வந்தது.

அச்சு என்பது இரண்டு பாதி. ஒவ்வொரு பாதியிலிருந்தும் ஒரு இரும்புக் கம்பி நீண்டு, நடுவில் ஆணியில் சேர்ந்து, பெரிய இடுக்கி போல இருக்கும். ஈயம் ஊற்றும்போது இரண்டு கம்பியையும் சேர்த்து இறுக்கிப் பிடிக்க வேண்டும். இறுகியதும் திறந்து குண்டை உதற வேண்டும். மறுபடி பிடி, மறுபடி உதறு. பட்டறைக்காரன் வெறும் கம்பியோடு கொடுத்துவிட்டான். ஒல்லிக் கம்பி. ஒல்லியாக இருப்பதைப் பிடிக்கத்தான் அதிகம் இறுக்க வேண்டியிருக்கிறது. அந்த இறுக்கம் முழுக்கக் கட்டைவிரலில் போய் உட்காருகிறது.

கட்டைவிரலைத் தடவிக்கொண்டிருந்ததை மல்லிக் பார்த்துவிட்டார். மல்லிக் நல்லவர்தான். நல்லவர்கள் சொல்கிற கெட்ட செய்தியில்தான் தப்பிக்க இடமே இருக்காது.

"வெங்கட்தா, கஷ்டப்படாதீங்க. என் மருமகன் ஆன்லைன்ல குண்டு வரவழைச்சுத் தர்றேன்னு சொல்றான். அதுவும் தட்டையானதுதான். போட்டிக்கு முன்னால வந்துடும்." சற்று நேரம் கழித்து, தக்கையைப் பார்த்தபடியே, "அவனுக்குக் கொஞ்சம் வெயில் ஆகாது," என்றும் சொன்னார்.

வெங்கடநாராயணனுக்குப் புரிந்துவிட்டது. அவர் கூட இப்படித்தான் பலருடைய கடன் மனுக்களைத் தள்ளியிருக்கிறார்.

ஜென்மாஷ்டமி முடிந்து வரும் ஞாயிற்றுக்கிழமை வருஷாந்தரப் போட்டி. அதற்குள் எல்லாருக்கும் புதுக் குண்டு ஊற்றிக் கொடுத்தால் பெஞ்சு அவருடையது. இல்லாவிட்டால் மருமகனுடையது.

முதலில் சமையலறைப் பிடிதுணியைக் கம்பியில் சுற்றிப் பார்த்தார். பருமன் சரியாக இருந்தது. ஆனால் துணி வழுக்கி வழுக்கிச் சுழன்றது; சூடும் ஏறியது. கீழேயிருந்து, "பிடிதுணியை யாராவது பாத்தேளா?" என்று குரல் வந்தது. வீட்டில் இருப்பதே இரண்டு பேர். 'யாராவது' என்று கேட்டால் அது விசாரணை.

பிறகு சைக்கிள் கடையில் ரப்பர் கைப்பிடி வாங்கி மாட்டினார். அடடா, என்ன சுகம். பஞ்சு மாதிரி. ஆனால் ஸ்டவ்வின் சூடு கம்பி வழியாக ஏறி வந்ததும் பஞ்சு இளகி, குமிழ் விட்டு, புகைந்தது. வசுமதி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மாடியேறி வந்தாள்.

"மாமா, டயர் எரியற வாசனை வரதே. இன்னிக்கு பந்த் ஏதாவதா?"

"பந்த் இல்லைம்மா. பரிசோதனை."

அவள் கண்கள் ஸ்டவ்வின் மேல், இரும்புச் சட்டியின் மேல், அச்சின் மேல், தரையில் குளிர்ந்துகொண்டிருந்த குண்டுகளின் மேல் ஒவ்வொன்றாகப் போய் நின்றன.

"எலெக்ஷன்கூட இப்ப இல்லையே மாமா, குண்டு எதுக்கு?" என்றாள்.

"மீனுக்கும்மா."

"மீனைச் சுடறதா?"

அவர் தூண்டில் நூலை எடுத்துக் கட்டிக்காட்டி விளக்க வேண்டியதாயிற்று. அவள் நம்பினாள், நம்பியதில் அவளுக்கு வருத்தம்தான். துப்பாக்கி ரவையாக இருந்திருந்தால் ஒரு வாரத்துக்குப் பேச்சு ஓடியிருக்கும்.

அடுத்தது இந்த ஊர் சாந்தினி சௌக். தச்சுக் கருவிகள் விற்கிற கடையில் அரத்துக்குப் போடுகிற மரப்பிடிகள். நல்ல வழவழப்பு, சூடு ஏறாது, நுனியில் கடை முத்திரை வேறு. ஆசையாக வாங்கி வந்து, அச்சில் மாட்டுவதற்கு முன்பே பிடித்துப் பார்த்தால், ஒல்லி. அவர் கை பெரியது. சின்னப் பிடியைச் சுற்றி விரல்கள் வளைந்து வந்து உள்ளங்கையையே குத்தின. கட்டைவிரல் முன்னைவிடக் கோபித்துக்கொண்டது.

இதற்குப் பிறகுதான் கரியாஹாட் யாத்திரை. பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடித்தாலும் பருமன் பார்த்தார். கோவில் மணியின் நாக்கைப் பிடித்தாலும் பார்த்தார். மருந்துக் கடைக்காரரின் குடையை வாங்கி, பிடித்து, "ம்ஹூம்" என்று திருப்பிக் கொடுத்தார். விற்பதாகச் சொல்லாத குடையை வேண்டாமென்று தள்ளிவிட்டதில் மருந்துக் கடைக்காரருக்கு மனத்தாங்கல்.

கடைசியில் அது வீட்டுப் பரணில் இருந்தது.

பழைய இரும்பு தேடப் போனவர் கையில் தேன்குழல் நாழி தட்டுப்பட்டது. கும்பகோணத்துப் பித்தளை நாழி, அவருடைய அம்மா வழியில் வந்தது. மாவை அமுக்குகிற மேல்பாகத்துக்கு இரண்டு பக்கமும் கை நீட்டியிருக்கும். பித்தளைக் கை உறுத்தாமல் இருக்க, அந்தக் காலத்திலேயே இரண்டிலும் உருண்டு திரண்ட மரப்பிடி செருகியிருந்தார்கள். வெங்கடநாராயணன் ஏணியில் நின்றபடியே கண்ணை மூடிக்கொண்டு பிடித்துப் பார்த்தார்.

கை பேசாமல் இருந்தது. குறை ஒன்றும் சொல்லவில்லை என்று அர்த்தம். கட்டைவிரல் தன் பாட்டுக்குப் போய் ஒரு பள்ளத்தில் சாய்ந்துகொண்டது. அவருக்கு அம்மாவின் கை, பெரிய கை. அந்தக் கைக்குக் கடைந்த பிடி. இதைக் கரியாஹாட்டில் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

உருவிப் பார்த்தார். வந்துவிட்டது. மாடிக்குக் கொண்டுபோய் அச்சின் இரும்புக் கம்பியில் செருகிப் பார்த்தார். தன் வீடு போல உட்கார்ந்துகொண்டது.

ஒரு நிமிஷம் மனசாட்சி குறுக்கிட்டது. நாழி வெளியே வருவது வருஷத்தில் ஒரே நாள், கோகுலாஷ்டமிக்கு. அதற்கு முன்னால் குண்டு ஊற்றி முடித்துவிட்டுப் பிடிகளைத் திருப்பி மாட்டிவிட்டால் யாருக்கு நஷ்டம்? தற்காலிக ஏற்பாடு. அதுவரை நாழி அம்மணமாக இருக்க வேண்டாமென்று, உபயோகமில்லாத அந்த அரத்துப் பிடிகளை அதற்கு மாட்டினார். பரணில் வைத்துவிட்டு, துணியால் மூடி, ஏணியிலிருந்து இறங்கும்போது தன் நிர்வாகத் திறமையைத் தானே மெச்சிக்கொண்டார்.

அதன் பிறகு மாடியில் நடந்ததை வேலை என்று சொல்ல முடியாது, கொண்டாட்டம். மழை விட்ட வேளைகளில் கொட்டகையில் ஸ்டவ் எரிந்தது. ஈரம் ஒரு சொட்டு பட்டாலும் ஈயம் சீறித் தெறிக்கும் என்பதால் ஒழுகுகிற மூலைக்கு எட்டவே உட்கார்ந்து, ஜன்னலைத் திறந்துவைத்து, கையுறை போட்டு, முழுக்கை சட்டை போட்டு ஊற்றினார். முதலில் வந்தவை சுருங்கி, திராட்சை வற்றல் போல இருந்தன. அச்சு சூடேறியதும் வழவழவென்று குண்டுகள் விழ ஆரம்பித்தன. பிடித்தார், ஊற்றினார், உதறினார். கட்டைவிரல் முணுமுணுக்கக்கூட இல்லை. மல்லிக்குக்கு போன் செய்து, "மருமகனுக்குத் தொந்தரவு வேண்டாம்," என்றார், பெருந்தன்மையாக.

சனி எங்கே பிடித்தது என்றால், பிடிகளைக் கழற்றும்போது. வரவில்லை. சூட்டில் இரும்பு மரத்தைக் கவ்விக்கொண்டுவிட்டது. முறுக்கினார், தட்டினார், சிரித்துப் பேசிப் பார்த்தார். உள்விளிம்பு கருகிப்போயிருந்தது. அப்போதுதான் இன்னொன்றும் உறைத்தது. கழன்று வந்தாலும் என்ன செய்வது? ஈயம் உருக்கிய கை பட்ட பிடி. அதிலும் மீனுக்கான ஈயம். அதை நாழியில் மாட்டி, கிருஷ்ணருக்குத் தேன்குழல் பிழிந்து, நைவேத்தியம் காட்டி, பிறகு எல்லாரும் தின்பதா? கிருஷ்ணர் பொறுத்துக்கொள்வார் என்றே வைத்துக்கொண்டாலும் ஈயம் பொறுக்காது.

மறுநாள் கோகுலாஷ்டமி.

காலையில் நாகலக்ஷ்மி, "ஏன்னா, அந்த நாழியை இறக்குங்கோ," என்றாள். இறக்கினார். துணியோடு சேர்த்துக் கொடுத்துவிட்டு வாசலுக்கு ஓடிவிட்டார். அரிசிமாவில் கையை முக்கி, வாசலிலிருந்து பூஜை அலமாரி வரை கிருஷ்ணர் பாதம் போடுவது அவர் பொறுப்பு. முஷ்டியை வைத்து, மேலே விரல் விரலாகப் புள்ளி வைத்து, பாதம் பாதமாக நகர்ந்தார். காது மட்டும் சமையலறையில் இருந்தது.

எண்ணெய் காய்கிற சத்தம் கேட்டது. மாவை நாழியில் அடைக்கிற சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. எந்த வருஷமும் இந்த இடத்தில், "அப்பாடா, மணிக்கட்டு போறதே," என்று ஒரு முனகல் வரும். இன்றைக்கு அதுவும் இல்லை. எண்ணெயில் தேன்குழல் விழுந்து படபடத்தது. மறுபடி அமைதி. குனிந்து பார்த்தபோது, கிருஷ்ணரின் பாதம் பூஜை அலமாரிக்குப் போகாமல் திரும்பி மாடிப்படியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

"ஏன்னா, இங்க வாங்கோ."

போனார்.

"நாழி நன்னா இருக்கா?" என்று கேட்டார். கேட்டிருக்கக் கூடாது. கல்யாணமான நாளிலிருந்து ஒரு வருஷமும் கேட்டதில்லை.

நாகலக்ஷ்மி நாழியைத் திருப்பிக் காட்டினாள். பிடியின் நுனியில் சாந்தினிக் கடையின் முத்திரை, பட்டப்பகலில், தெள்ளத்தெளிவாக.

"உங்கம்மா சாந்தினி சௌக்குல நாழி வாங்கினாளா என்ன?"

"இல்லை, அது வந்து, பழசு கொஞ்சம் லூஸா..."

"பழசு எங்க?"

"மாடில."

"மாடில அதுக்கு என்ன வேலை?"

"அச்சுல மாட்டியிருக்கேன். கட்டைவிரல் வலிக்கறதுன்னு. போட்டிக்குக் குண்டு ஊத்தணும், இல்லேன்னா பெஞ்சு போயிடும்." பெஞ்சைப் பற்றி முதல்முறையாக வீட்டுக்குள் பேசினார். மரம், நிழல், மல்லிக், மருமகன் எல்லாம் வெளியே வந்தன. 'மீன்' என்ற சொல்லை மட்டும் பழக்கதோஷத்தில் தாண்டிப் போனார்.

அவள் ஜாரணியால் தேன்குழலைத் திருப்பிப்போட்டாள்.

"திரும்பக் கொண்டுவந்து இதுல மாட்டிடலாம்னு நெனச்சேளாக்கும்."

"நன்னா அலம்பிட்டு..."

"ஈயத்தை அலம்புவேளா? அதுல பிழிஞ்சா கிருஷ்ணர் வரமாட்டார். டாக்டர்தான் வருவார்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். கையிலிருந்த அரிசிமாவு தரையில் உதிர்ந்தது.

"இத்தனை வருஷமா அந்தத் தடிப் பிடியைக் கட்டிண்டு அழுதேன்," என்றாள் நாகலக்ஷ்மி. "உங்கம்மா கைக்கு அது சரி. என் கைக்குள்ள அடங்கவே அடங்காது. பிழிஞ்சு முடிச்சா ரெண்டு நாளைக்குக் காபி டம்ளரைப் பிடிக்க முடியாது. ஒரு நாளாவது என்ன ஏதுன்னு கேட்டேளா? உங்க கட்டைவிரல் வலிச்ச உடனே ஊரெல்லாம் பிடி தேடிண்டு போயிருக்கேள்."

கரியாஹாட் முழுக்கப் பிடித்துப் பார்த்த கை, வீட்டில் யார் எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று பார்க்கவில்லைதான்.

"இது வெண்ணெயாட்டம் இருக்கு," என்றாள், அரத்துப் பிடியை அமுக்கிக்கொண்டே. "இது இங்கயே இருக்கட்டும். அது அங்கயே இருக்கட்டும்."

தப்பித்தோம் என்று அவர் திரும்பினபோது, "ஞாயித்துக்கிழமை நானும் வரேன்," என்றாள்.

"எங்க?"

"பெரியவாள்ளாம் உக்காந்து பேசற கிளப்புக்கு. என் நாழியோட பிடியைப் பறிச்சுண்டு போற அளவுக்கு அந்த பெஞ்சுல என்ன இருக்குன்னு பாக்கணும்."

ஞாயிற்றுக்கிழமை வெங்கடநாராயணன் குண்டுப் பையைத் தூக்கிக்கொண்டார். நாகலக்ஷ்மி தேன்குழல் டப்பாவைத் தூக்கிக்கொண்டாள். வசுமதி பால்கனியிலிருந்து இருவரும் சேர்ந்து போவதைப் பார்த்துவிட்டு, தான் பரப்பிய செய்தி பொய்யாகிப்போனதில் கொஞ்சம் வாடினாள். 'சமாதானம் ஆயாச்சு' என்று அடுத்த செய்தியை அனுப்பினாள்.

ஜீல் கரையில் மல்லிக் குண்டுகளை வாங்கிக் கையில் உருட்டிப் பார்த்து, "தாருண், வெங்கட்தா," என்றார்; பிரமாதம் என்று அர்த்தம். மருமகன் முகம் வெயிலில் நின்றது. வெற்றிப் புன்னகையோடு வெங்கடநாராயணன் தன் பெஞ்சுப் பக்கம் திரும்பினார். அதில் நாகலக்ஷ்மி உட்கார்ந்திருந்தாள். டப்பா திறந்திருந்தது.

"பௌதி, நீங்க எழுந்திருக்காதீங்க," என்று அண்ணி முறை வைத்து மல்லிக் பதறினார். ஒரு தேன்குழலை உடைத்து வாயில் போட்டுக்கொண்டவர், மென்று முடிப்பதற்குள் இன்னொன்றை எடுத்துக்கொண்டார். தூண்டில்களை விட்டுவிட்டு ஆளுக்காள் வந்தார்கள். பெருங்காயம் போட்டிருக்கிறதா என்று ஒருவர் கேட்டார். போட்டிருக்கிறது என்றதும் எல்லாரும் அர்த்தத்தோடு வெங்கடநாராயணனைப் பார்த்தார்கள்.

அவர் மருமகனுக்குப் பக்கத்தில், ஒரு மடக்கு நாற்காலியில், வெயிலில் உட்கார்ந்து தூண்டில் போட்டார்.

"எனக்கு மீனெல்லாம் வேண்டாம். நான் தண்ணியைத்தான் பாக்கறேன்," என்று நாகலக்ஷ்மி நிழலிலிருந்து சொன்னாள். ஆனால் கொஞ்ச நேரத்தில், "ஏன்னா, தக்கை முங்கறது பாருங்கோ. இழுங்கோ, அசமந்தமா உக்காந்திருக்கேளே," என்றதும் அவள்தான்.

புதன்கிழமை மல்லிக் போன் செய்தார். வரும் ஞாயிற்றுக்கிழமைக்கு பெஞ்சைக் கழுவி வைக்கச் சொல்லியிருக்கிறாராம். பௌதி எத்தனை மணிக்கு வருவார்கள் என்று கேட்டார்.

"நான்?" என்றார் வெங்கடநாராயணன்.

"நீங்களும் வாங்க தாதா. குண்டு இல்லாம எப்படி?"

அன்று சாயங்காலம் வசுமதி விட்டுப்போன டீ வடிகட்டியை வாங்க மறுபடி கரியாஹாட் போனாள். பாத்திரக் கடைக்கு இரண்டு கடை தள்ளி, குடைக் கடை வாசலில், மேல் ஃப்ளாட் மாமா நின்றுகொண்டிருந்தார். பெரிய கறுப்புக் குடைகளாக ஒவ்வொன்றாய் எடுத்து, விரிக்காமல், கண்ணை மூடிக்கொண்டு கைப்பிடியைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வசுமதி வடிகட்டியை மறந்துவிட்டு ஆட்டோவைக் கைதட்டி நிறுத்தினாள்.